மூணு மீட்டர் கடையும் 118 டி-ஷர்ட்டும்

இந்த எபிசோடை என் வீட்டு அலமாரியில இருந்து ஆரம்பிக்கிறேன். அதுக்குள்ள 118 டி-ஷர்ட் மடிச்சபடியே இருக்கு. எல்லாம் ஒரே டிசைன்: நெஞ்சுல ஒரு சைக்கிள் செயின்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நாங்க நாலு பேர் சேர்ந்து திருப்பூர்ல 200 டி-ஷர்ட் அடிச்சோம். சனிக்கிழமை விடியக்காலையில ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் நாங்க. சைக்கிள் மேல இவ்வளவு வெறி இருக்கே, அதுவே ஒரு பிராண்ட் ஆயிடும்னு நம்பினோம். 82 வித்துச்சு. அதுலயும் முக்கால்வாசி வாங்கினது ஆபீஸ் நண்பர்கள். அந்த நம்பிக்கையில நான் ராஜினாமா கடிதம்கூட டைப் பண்ணி டிராஃப்ட்ல வெச்சிருந்தேன்.

"பிடிச்சதையே தொழிலாக்கு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. சைக்கிள் பைத்தியமா இருந்து, துணி பிராண்ட் ஆரம்பிச்சு, அதுல நிஜமாவே ஜெயிச்ச ஒருத்தர் எப்படி ஜெயிச்சார்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டேன். அப்படித் தேடிப் போனதுதான் பால் ஸ்மித்தோட கதை.

பால் ஸ்மித் பிறந்தது 1946ல், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கத்துல இருக்கிற பீஸ்டன்ல. நாட்டிங்ஹாம்னா சைக்கிள் ஊர். நம்ம தாத்தாக்கள் பெருமையாத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்த ராலே சைக்கிள் பிறந்த ஊர் அதுதான். சின்ன வயசுல அப்பா ஒரு சைக்கிள் கொடுத்தார். அதோட பையன் மாறிட்டான். கிளப்புல சேர்ந்தான், பந்தயம் ஓட்டினான். தொழில்முறைப் பந்தய வீரனாகணும், அவ்வளவுதான் கனவு. 15 வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டான். அப்பா ஒரு துணிக் கிடங்குல எடுபிடி வேலைக்குச் சேர்த்துவிட்டார். அந்த வேலையில அவனுக்குப் பிடிச்ச ஒரே விஷயம், அங்கே போகவும் வரவும் சைக்கிள் ஓட்டுறதுதான்.

17 வயசுல விபத்து. பல மாதம் மருத்துவமனை. பந்தயக் கனவு அங்கேயே முடிஞ்சுபோச்சு.

மருத்துவமனையில சில நண்பர்கள் கிடைச்சாங்க. வெளியே வந்ததும் ஒரு பப்ல சந்திக்கலாம்னு பேசிக்கிட்டாங்க. அது உள்ளூர் ஓவியக் கல்லூரி மாணவர்கள் கூடுற இடம். ஆண்டி வார்ஹால், பௌஹவுஸ் மாதிரி அதுவரைக்கும் கேள்விப்படாத பெயர்களெல்லாம் அங்கேதான் அவர் காதுல விழுந்துச்சு. நிறத்தையும் வடிவத்தையும் வெச்சுப் பிழைக்க முடியும்னு தெரிஞ்சது.

வாட்ஸ்அப் ஃபார்வர்டா இருந்தா கதை இங்கேயே முடிஞ்சிடும்: விபத்து, நண்பர்கள், பிராண்ட், வெற்றி. ஆனா விபத்துக்கும் முதல் கடைக்கும் நடுவுல ஏறக்குறைய ஏழு வருஷம் இருக்கு. யாரும் சொல்லாத அந்த ஏழு வருஷம்தான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு.

அந்தக் காலத்துல ஒரு தோழி ஆரம்பிச்ச துணிக்கடையை நடத்த உதவினார். மாலை நேர வகுப்புக்குப் போய்த் தையல் கத்துக்கிட்டார். பாலின் டெனியர்னு ஒரு பெண்ணைச் சந்திச்சார். அவங்க லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல முறையா ஃபேஷன் படிச்சவங்க. ஒரு கோட்டுக்குத் தோள்பட்டை எங்க உட்காரணும், துணியை எப்படி வெட்டினா எப்படி விழும்னு சொல்லிக்கொடுத்தது அவங்கதான். அவருக்கு ஆசை இருந்தது, அவங்களுக்குத் தொழில் தெரிஞ்சிருந்தது.

1970ல் நாட்டிங்ஹாமின் பயர்ட் லேன் சந்துல முதல் கடை. மூணு மீட்டருக்கு மூணு மீட்டர், ஜன்னல்கூட கிடையாது. வாரத்துல ரெண்டே நாள், வெள்ளியும் சனியும்தான் திறந்திருக்கும். பாக்கி நாள்ல வேற வேலை பார்த்துச் சம்பாதிச்சார்.

ஏன் அப்படின்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கடைதான் சோறு போடணும்னா, எது விக்குமோ அதைத்தான் அடுக்கணும். சோறு வேற இடத்துல இருந்து வந்தா, தனக்குப் பிடிச்சதை அடுக்கலாம், வாடிக்கையாளர் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். எங்க பாஷையில சொன்னா, பரிசோதனையை புரொடக்‌ஷன் சர்வர்ல பண்ணக் கூடாது. அவர் அதுக்குத் தனியா ஒரு சர்வர் வெச்சிருந்தார், அவ்வளவுதான்.

1976ல் பாரிஸ் போனார். ஷோரூமுக்குக் காசில்லை. ஹோட்டல் அறையில, கட்டில் மேல சட்டைகளையும் கோட்டுகளையும் பரப்பி வெச்சுக் காத்திருந்தார். திங்கள், செவ்வாய், புதன், ஒருத்தரும் வரலை. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரே ஒருத்தர் வந்தார். அங்கே இருந்துதான் தொடங்கினார். 1979ல் லண்டன்ல கடை. பிறகு ஜப்பான், உலகம் முழுக்க. 2000ல் 'சர்' பட்டம். அதே நாள்ல பாலினைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்.

சரி, இதுல சைக்கிள் எங்கே? நெஞ்சுல அச்சடிச்ச செயினா இல்லை. அவரோட கோட்டு வெளியே பார்த்தா ரொம்ப அடக்கமா இருக்கும். உள் துணியைத் திருப்பினா பளீர்னு நிறங்களும் பட்டைகளும். சின்ன வயசுல பார்த்த பந்தய ஜெர்சிகளோட நிறங்கள்தான் அங்கே போய் ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

2013ல் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோ டி இட்டாலியா, முன்னணி வீரர்களுக்கான ஜெர்சிகளை வடிவமைக்க அவரை அழைச்சது. அதுல முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியும் உண்டு. 1931ல் இருந்து வர்ற மரபு அது. அந்த வருஷம் ட்ரே சீமே மலையில, கொட்டுற பனியில, வின்சென்சோ நிபாலி தனியா எல்லைக்கோட்டைத் தாண்டினப்போ போட்டிருந்தது அந்த இளஞ்சிவப்பு ஜெர்சியைத்தான். விபத்து நடந்து ஏறக்குறைய 50 வருஷம் ஆயிருந்தது. அவரால ஓட்ட முடியாத பந்தயத்துல, அவர் வரைஞ்ச ஜெர்சி ஜெயிச்சது.

எங்ககிட்டயும் சைக்கிள் வெறி இருந்துச்சு, நண்பர்கள் இருந்தாங்க. ஆனா நாலு பேர்ல ஒருத்தருக்கும் ஒரு சட்டையை எப்படி வெட்டுறதுன்னு தெரியாது. ஏழு வருஷத்தைத் தாண்டிக் குதிச்சு நேரா கடைக்குப் போகப் பார்த்தோம்.

டிராஃப்ட்ல இருந்த கடிதத்தை அழிச்சிட்டேன். ஆசையை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. இப்ப செவ்வாயும் வியாழனும் ஆபீஸ் முடிஞ்சதும் மேற்கு மாம்பலத்துல ஒரு டெய்லர் அண்ணன்கிட்ட கட்டிங் கத்துக்கிறேன். முதல்ல தைச்ச சட்டைக்குக் காலர் கோணலா வந்துச்சு. அண்ணன் ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "பிரிச்சுட்டுத் திரும்பத் தைங்க தம்பி"ன்னார்.

பிரிச்சுக்கிட்டு இருக்கேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.