கோச்சி ஏன் நிற்குது?

எங்க பக்கம் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வோம். பதுளையில் ஸ்லோ கோச்சி ஏறினால், வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் கட்டாயம் இந்தக் கேள்வி வரும்: "ஏன் நிற்குது?" பக்கத்து சீட்டில் பதிலும் தயாராக இருக்கும்: "எதிரில மெனிக்கே வருது, க்ரோசிங்." அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கு.

இந்தப் பாதை ஆட்களை நினைத்துப் போட்டதில்லை. முதலில் கோப்பி, பிறகு தேயிலை; அவற்றைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் வெள்ளைக்காரன் போட்டான். 1867இல் கண்டி, 1885இல் நானுஓயா, 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. கடைசித் துண்டுக்கு மட்டும் 30 வருடம்! ஒன்பது வளைவுப் பாலமும், பாதை ஒரு சுற்று சுற்றித் தனக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழையும் தெமோதர வளையமும் அந்தத் துண்டில்தான் இருக்கு. இப்படி மலையைக் குடைந்து போட்டதும் ஒற்றைத் தடம்தான். தேயிலைப் பெட்டிக்கு அது போதும். லேட்டானால் பெட்டி கேள்வி கேட்காது.

ஒற்றைத் தடத்தில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரே நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்குத்தான் டெப்லட் முறை. இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு டெப்லட்டை வெளியே எடுத்தால், அது திரும்ப உள்ளே போகும்வரை அடுத்தது வராது. டெப்லட் கையில் இல்லாமல் டிரைவர் கோச்சியை எடுக்க முடியாது. பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு கோச்சி எதிரெதிரே வந்தால், ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றே ஆகணும்.

எது நிற்கிறது என்பதுதான் விஷயம். இந்த ஏற்றத்திலும் வளைவிலும் எந்த எஞ்சினும் பறக்க முடியாது. எக்ஸ்பிரஸ் மிச்சம் பிடிக்கும் நேரம் வேகத்தால் வருவது கொஞ்சம்தான். சின்ன ஸ்டேஷன்களில் நிற்காததாலும், க்ரோசிங்கில் காத்திருக்காததாலும் வருவதே அதிகம். அதாவது, அதன் காத்திருப்பை வேறு யாரோ காத்திருக்கிறார்கள்.

சென்னையில் 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தபோது புறநகர் வண்டிகளுக்கென்றே தடம் ஒதுக்கினார்கள். நம் பாதையிலும் ரம்புக்கனைக்குக் கீழே இரட்டைத் தடம் இருக்கு. அங்கே எதிரில் வரும் ரயிலுக்காக நிற்கத் தேவையில்லை. முன்னால் போகும் ஸ்லோவைப் பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் பிடித்துவிடுவதுதான் சிக்கல். மலையில் இன்னொரு தடம் போட இடமுமில்லை, காசுமில்லை. அப்போ இங்கே பங்குபோட மிஞ்சுவது நேரம் மட்டும்தான்.

எக்ஸ்பிரஸை எதிரியாக்கத் தேவையில்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் எங்க பிள்ளைகள் தீபாவளிக்கு வீடு வருவதும் அதில்தான். சுற்றுலாப் பயணிகளும் வரட்டும். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும், பதுளை ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகிற அம்மாவுக்கும் அரை மணித்தியாலம் என்பது முதல் பாடம், அல்லது கிளினிக் நம்பர். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று இரண்டு ஸ்லோ கோச்சிகளையாவது "இது நிற்காது, மற்றது நிற்கட்டும்" என்று நேர அட்டவணையில் எழுதி வைக்கலாம். அதற்குப் புதுத் தண்டவாளம் தேவையில்லை.

தேயிலைப் பெட்டி கேள்வி கேட்கவில்லை. நாங்கள் கேட்கலாம்: எப்போதும் நாங்களேதான் ஒதுங்கி நிற்கணுமா?