புற்றிலிருந்து பந்திக்கு



1660ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையில் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கிய றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நாட்டில் சிறைப்பட்டிருந்து 1679இல் தப்பியோடினான். இலங்கை பற்றி 1681இல் லண்டனில் அவன் வெளியிட்ட நூலிலிருந்து மன்னனையும் மக்களையும் பற்றி மேற்கோள் காட்டுவோர் பலர். தேனீக்களைப் பற்றி அவன் எழுதிய சிறு பகுதியில் நின்று வாசிப்போர் சிலரே. மரத்தில் தொங்கும் தேனீக் கூட்டத்தைக் கண்டால் மக்கள் அதன் கீழே தீப்பந்தம் பிடிப்பார்களாம், தேனீக்கள் விழுமாம், அவற்றை அள்ளிச்சென்று அவித்து உண்பார்களாம். தேனை அல்ல, தேனீயையே! அது அவர்கள் மதிப்பில் சிறந்த உணவு என்றும் நொக்ஸ் எழுதிவைத்தான்.

மாத்தளை அன்று கண்டி இராச்சியத்தின் பகுதி. இன்றும் எங்கள் மாவட்டத்துச் சிகிரியாக் குன்றில், சிங்களத்தில் ‘பம்பரா’ எனப்படும் மலைத்தேனீக்கள் கூடுகட்டித் தொங்குகின்றன. அவை கலைந்தால் ஏறுவோர் ஒதுங்குவதற்கென்று சிங்கப் பாதத்தின் அருகே கம்பிவலைக் கூண்டு அமைத்திருக்கிறார்கள். ஆளைக் கூண்டுக்குள் புகவைக்கும் பூச்சி!

“சீ, பூச்சி தின்பதா?” என்று முகஞ்சுளிக்கும் இலக்கிய அன்பர் புறநானூற்றின் 119ஆம் பாடலை ஒருமுறை பார்க்கட்டும். பாரியின் நாட்டு வளத்தை நினைந்து ஏங்கும் கபிலர், கார்கால மழைக்குப்பின் செம்புற்றில் எழும் ஈசலை மோரோடு சேர்த்துச் சமைத்த புளிங்கறியை அந்த வளத்தின் அடையாளமாகவே சொல்கிறார். அகநானூறு 394இல் அது விருந்துணவு. செம்மறியாட்டுத் தயிர், குத்திய வரகரிசி, ஈசல், அந்தச் சுடுசோற்றின் மேல் உருகும் வெண்ணெய்! பஞ்சத்துக்குத் தின்றது என்று இதனை ஒதுக்கிவிட முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஈசல் பிடிக்கும் பழக்கமும் அவர்களோடு வந்தது. எங்கள் லயத்தில் மழைவிட்ட மாலையில் பாட்டி விளக்கின் கீழே தண்ணீர்ச் சட்டி வைப்பார். விழுந்ததை வடித்து, காயவைத்து, வறுத்து, சுளகிற் புடைத்தால் இறகு பறந்துவிடும். பொரியரிசியோடு கலந்து எங்கள் கையில் ஆளுக்கொரு பிடி. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அக்காமார் வாயை மூடச் சொல்வார்கள். பழக்கம் அருகியதற்கு நோயோ நஞ்சோ காரணமல்ல, இந்த வெட்கமே என்பது என் எண்ணம்.

இறகு முளைத்த ஈசல் கூட்டைவிட்டுப் பறந்து, இணைசேர்ந்து, உணவின்றியே புதுப் புற்றைத் தொடங்கவேண்டும். அதற்கான கொழுப்பை உடலில் சேமித்தே புறப்படுகிறது. ஆகவேதான் அதற்கு அத்தனை சுவை. இனத்துக்கு இனம் வேறுபடினும், உலர்ந்த ஈசலில் மூன்றில் ஒரு பங்களவு புரதம் உண்டு. இரும்பும் துத்தநாகமும் உண்டு. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாயுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பூச்சியுணவு ஈடுசெய்யும். உலக உணவு விவசாய நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, உண்ணப்படும் பூச்சியினங்கள் 1900க்கும் அதிகம் என்றது.

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வு வேறொரு கணக்கைத் தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். ரொட்டியும் தேநீருமாய் வளரும் பிள்ளையின் கையிலிருந்து அந்த ஒரு பிடியையும் வெட்கத்தால் தட்டிவிட்டோம். ஈசல் வந்தால் கூலி உயரவேண்டாம், பாலும் முட்டையும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டில் சில மாலைகளே கிடைக்கும் உணவு அது.

நிற்க. பூச்சிமருந்து தெளித்த மலைகளில் பிடிப்பதை உண்ணலாகாது. இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு ஈசலும் ஒவ்வாமற் போகலாம்; அவர்கள் தொடாமலிருப்பதே நல்லது.