பாலித் தீவின் நீர்க் கோயில்களும் ஒரு புதிய கணக்கும்

பலர் சேர்ந்து இயங்கும் இடத்தில் ஒழுங்கு நிலவ வேண்டுமாயின் மேலிருந்து ஆணையிடும் ஒருவர் வேண்டும் என்பது ஆள்வோரின் பழைய நம்பிக்கை. எறும்புக் கூட்டத்திலே ராணி உண்டு, ஆணை இல்லை. பல சிறு உறுப்புக்கள் தத்தம் அயலை மாத்திரம் கவனித்து நடக்க, முழுமையில் ஓர் ஒழுங்கு தானே தோன்றுவதை ஆராயும் துறையைச் சிக்கலமைப்புக் கொள்கை எனலாம். இதற்கென 1984இல் அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் ஒரு நிலையம் எழுந்தது. அதை நிறுவியோருட் பலர் அணுகுண்டு பிறந்த லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்து விஞ்ஞானிகள் என்பது வேடிக்கையே! பௌதிகம், பொருளியல், தொற்றுநோயியல் எனப் பரவிய அக்கொள்கை நெல்வயலுக்கும் வந்தது.

இந்தோனேசியாவின் பாலித் தீவிலே, மலைச்சரிவுகளிற் படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு ஒரே வாய்க்காலில் நீர் பெறும் கமக்காரரின் சங்கம் 'சுபக்' எனப்படும். எப்போது விதைப்பது, எப்போது தரிசாக விடுவது என்பதைச் சுபக்குகள் நீர்க் கோயில்களிற் கூடித் தீர்மானித்தன. 1970களிற் பசுமைப் புரட்சி வந்தது. புதிய விதைகளை இடைவிடாது விதைக்குமாறு அதிகாரிகள் பணித்தனர். பின்னர் நீர்ப்பங்கீடு குழம்பிற்று. கபிலநிறத் தத்தியும் நோயும் பயிரை அழித்தன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிபுணரோ, கோயில் முறையை நாடிய கமக்காரரிடம் மதப் பழமைவாதத்தையே கண்டனர்.

எல்லா வயலும் ஒரே வேளையில் தரிசாகக் கிடந்தாற் பீடைகள் உணவின்றி மடியும். எல்லாரும் ஒரே வேளையில் விதைத்தாலோ ஆற்று நீர் போதாது. மேட்டுக் கமக்காரன் தாழ்நிலத்தானுக்கு நீர் விடுவது தருமத்துக்காக மட்டுமன்று. தாழ்நிலத்தான் தன்னோடு சேர்ந்து விதைக்காவிட்டால் அவனுடைய வயற்பூச்சி தன் வயலுக்கே ஏறிவரும். மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரேமரும் இரண்டு ஆறுகளை அண்டிய 172 சுபக்குகளைக் கணனியில் அமைத்துப் பார்த்தனர். அயலாருள் அதிக விளைச்சல் கண்டவரை மறு ஆண்டு பின்பற்றுவதே அவற்றுக்கு விதி. காலப்போக்கிற் கோயில் வலையமைப்பை ஒத்த கூட்டங்கள் தாமே உருவாகின, விளைச்சலும் உயர்ந்தது. 1993இல் அவர்களது ஆய்வு வெளியாயிற்று. பழைய முறையின் அருமையை உணராததால் நட்டம் பெரிது என்பதை 1988லேயே வங்கியின் மதிப்பீட்டறிக்கை ஒப்புக்கொண்டிருந்தது.

எனினும் நாம் இங்கே நின்றுவிடலாகாது. அந்தக் கணக்கிலே குத்தகைக்காரன் இல்லை, நிலவுடைமையாளனும் இல்லை. 1960இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் பாலியிற் கடும் மோதலைக் கிளப்பியது. 1965–66இல் இடதுசாரிகள் என வேட்டையாடப்பட்டு அத்தீவிற் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 80,000 பேர் என மதிப்பிடுவர். இடதுசாரி விவசாயிகள் முன்னணி நசுக்கப்பட்டுச் சில ஆண்டுகளின் பின்னரே பசுமைப் புரட்சியின் ஆணைகள் வந்திறங்கின. இடைவிடாது விதை என்ற ஆணைக்கு 'முடியாது' என்று கூறியிருக்கக்கூடியோர் பலர் அப்போது உயிரோடில்லை.