அம்பத்தூர் பட்டறைக்கு எந்த மென்பொருள்? எழுத உட்காரும் முன் பார்க்க வேண்டியவை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டது. அங்கும், பூந்தமல்லியை அடுத்த திருமழிசை, திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டைகளிலும் லேத், மில்லிங், பிரஸ் வேலை செய்யும் சிறு பட்டறைகள் ஏராளம். கணினி படித்த நம் சகோதரர்களிடம் இப்பட்டறைக்காரர்கள், "எங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுங்கள் தம்பி" என்று கேட்பதுண்டு. கேட்டவுடன் எந்த மொழியில் எழுதுவது, எந்தக் கிளவுடில் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். பட்டறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே அதற்கு முன்பான வேலை.

அங்கே பெரிய தலைவலி பில் போடுவது அல்ல, ஜாப் ஒர்க்தான். 500 உதிரிபாகங்களை டெலிவரி சலான் போட்டு பிளேட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். முதலில் 300 வருகிறது, பிறகு 180. அதில் 12 ரிஜெக்ட். மீதி 20 எங்கே? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி, வரி செலுத்தாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள்ளும், இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் மூன்றாண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். (டை, ஜிக், ஃபிக்ஸ்சர் போன்றவற்றுக்கு இந்தக் கெடு இல்லை.) தவறினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரியும் வட்டியும் கேட்பார்கள். ஆகவே அந்த 20 உருப்படிகளின் கணக்கு வெறும் கையிருப்புக் கணக்கு அல்ல, பணம்.

இதற்கு எவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டும்? நாளைக்கு 30 சலான், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் 9,000 பதிவுகள். பத்தாண்டு ஓடினாலும் 90,000. சாதாரண மேசைக் கணினியில் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் இதை அசையாமல் தாங்கும். எக்செல்லில்கூட ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. எக்செல் காலை வாருவது அளவில் அல்ல; ஸ்டோர்காரரும் கணக்கரும் ஆளுக்கொரு பிரதியில் திருத்தி, எது சரியானது என்று தெரியாமல் நிற்கும்போதுதான். மைக்ரோசர்வீஸ், குபர்னெட்டிஸ் எல்லாம் இங்கே டிவிஎஸ் 50-இல் ஏற்ற வேண்டிய மூட்டைக்கு டிரெய்லர் லாரி பிடிப்பது போல.

சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனமே ரூபி ஆன் ரெயில்ஸ், மைஎஸ்கியூஎல் என்ற எளிய அமைப்பில்தான் கிளம்பியது. சுமை ஏறியபோது முதலில் பெரிய சர்வருக்கு மாறினார்கள். அதுவும் போதாதபோதுதான் தரவுத்தளத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள்.

கணக்கு, வரிப் பக்கம் வேறு கதை. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் வந்தது. பிறகு 100, 50, 20, 10 கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. 2023 ஏப்ரல் முதல் பிரைவேட் லிமிடெட் உட்பட எல்லாக் கம்பெனிகளும், யார் எப்போது எதைத் திருத்தினார் என்பதைப் பதிந்து வைக்கும், அதை அணைக்க முடியாத கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்களே மாறின. 12, 28 என்று நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தவர்கள் அன்று திறந்து திருத்த வேண்டியிருந்திருக்கும். இப்படி அடிக்கடி மாறும் பகுதியைத் தனியாளாக எழுதிப் பராமரிப்பது, என் பார்வையில், தேவையற்ற துணிச்சல். அதை டேலி போன்ற நிறுவனங்களிடம் விட்டுவிடலாம்.

டேலிபிரைமிலேயே ஜாப் ஒர்க் வசதி இருக்கிறது. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் திறந்த மூல நிரலாகத் தரும் இஆர்பிநெக்ஸ்டிலும் வெளி வேலைக்கு அனுப்பும் பகுதி உண்டு. உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். இரண்டையும் பட்டறையின் பழைய சலான்களை வைத்தே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சூப்பர்வைசர் கைப்பேசியில் தமிழில் பதிய வேண்டும் என்பது போல அவற்றில் அமையாத தேவை மிஞ்சினால், அதை மட்டும் சிறிதாக எழுதி, எக்ஸ்எம்எல் கோப்பாக டேலிக்கு அனுப்பலாம்.

எழுதும்போது, உங்களுக்குப் பிடித்த மொழியைவிட, நீங்கள் துபாய்க்கோ பெங்களூருக்கோ போனபின் ஆவடியிலோ அம்பத்தூரிலோ அதைத் தொட ஆள் கிடைக்குமா என்பதே முக்கியம். பிஎச்பி தெரிந்தவர் கிடைப்பார். போன மாதம் வந்த ஃபிரேம்ஒர்க் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம். தனியாளுக்கு ஸ்பிரின்ட் கூட்டங்கள் வேண்டாம். கிட்டில் நிரலைச் சேமிப்பதும், தினமும் பேக்கப் எடுப்பதும், அதைத் திறந்து சரிபார்ப்பதும் கட்டாயம். சர்வர், டொமைன் கடவுச்சொற்கள் உரிமையாளர் பெயரிலேயே இருக்கட்டும்.

புதிய மென்பொருள் வந்த அன்றே சலான் புத்தகத்தை நிறுத்திவிடக் கூடாது. ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். சனிக்கிழமை மாலை இரண்டிலும் பிளேட்டிங் கடையில் நிற்கும் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். நான்கு வாரம் தொடர்ந்து ஒத்துப்போன பிறகு புத்தகத்தை மூடலாம்.