மெய்நிகர் கணினிகளில் 10.0.2.15 முகவரி

வர்ச்சுவல்பாக்ஸ், கியூஎமு போன்ற மென்பொருள்களில் இயல்பு அமைப்பை மாற்றாமல் உருவாக்கும் மெய்நிகர் கணினி, பெரும்பாலும் 10.0.2.15 என்ற ஐபி முகவரியையே பெறுகிறது. இவ்வெண் மெய்நிகர் கணினிகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. தொலைபேசிவழி இணையக் காலத்தின் எச்சம்.

1990களின் நடுவில் பல பயனர்களுக்கு யூனிக்ஸ் கணினியொன்றில் ஷெல் கணக்கு மட்டுமே கிடைத்தது. அதில் கட்டளைகளைத் தட்டச்சிடலாம். வீட்டுக் கணினியின் உலாவி நேராக இணையத்தை அடைய முடியாது. டானி காஸ்பரோவ்ஸ்கி எழுதிய ஸ்லிர்ப் நிரல் இத்தடையைத் தாண்ட உதவியது. ஷெல் கணக்கில் இயக்கினால், வீட்டிலிருந்து வரும் பொதிகளை அது பிரித்து, தானே தொடங்கிய இணைப்புகள்போல் வெளியே அனுப்பும். நிர்வாகி உரிமை வேண்டியதில்லை. வீட்டுக் கணினிக்கு அதன் ஆவணம் காட்டிய முகவரியே 10.0.2.15.

தொலைபேசி இணைப்புகள் மறைந்தபின் ஸ்லிர்ப்பும் மறைந்திருக்க வேண்டும். ஆனால் பேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு பின்னர் அதன் மூலநிரலை ஏற்றது. வர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையும் அதிலிருந்தே வளர்ந்தது. நிர்வாகி உரிமையின்றி இயங்கும் பழைய வசதியே இங்கும் பயன்பட்டது.

அதன் குறையும் கூடவே வந்தது. மெய்நிகர் கணினி வெளியே செல்லும். வெளியிலிருந்து எவரும், போர்ட் திறந்துவிட்டாலன்றி, உள்ளே வர இயலாது. வர்ச்சுவல்பாக்ஸில் நாட் முறையிலுள்ள இரு கணினிகள் ஒரே 10.0.2.15ஐக் காட்டுவதும், ஒன்றையொன்று காணாததும் வீட்டு ஆய்வகம் அமைக்கும் மாணவர்களைக் குழப்பும். ஒவ்வொன்றும் தனித்தனி நாட்டுக்குப் பின்னால் இருப்பதே காரணம். பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் வீட்டு ரவுட்டரே தனி முகவரி தரும். வைஃபையில் இது பலமுறை தவறும். தன்னுடன் இணையாத மேக் முகவரியின் சட்டகங்களை அணுகுமுனை ஏற்பதில்லை.