விசைப்பலகையின் கம்பி பேசும் மொழி



நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கணினியில் பாடம் படிக்கிறார்கள். எழுத்துகளைத் தட்டுவதற்காக அதன் முன்னால் இருக்கும் பலகையை விசைப்பலகை என்கிறோம். அந்தப் பலகையின் பின்னாலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, நுனியில் ஒரு பிளக்குடன் கணினிக்குள் போய்ச் சேரும். 1981 முதல் இன்றுவரை அந்தப் பிளக் பலமுறை உருமாறிவிட்டது. அது மாறிய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். பிளக்குக்குக்கூட ஒரு வரலாறா என்று சிரித்துவிட வேண்டாம். பட்டணத்துக்குப் போய்ப் பழைய கணினி வாங்கிவரும் தோட்டத்துக் குடும்பத்திற்கு இது கைக்காசு சம்பந்தப்பட்ட விஷயம். பினாங்குக்காரர்களுக்கோ இதில் ஓர் உறவும் உண்டு.

உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் ஆண்டில் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அதைத் தீர்க்கும் முயற்சியாக 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அதே ஆண்டில் இண்டெல் என்னும் அமெரிக்க நிறுவனம் அங்கே ஒரு தொழிற்சாலை தொடங்கியது. தன் நாட்டுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் தொழிற்சாலை அதுதான். 1975-இல் அது தீப்பற்றி எரிந்தது. பின்னர் மீண்டும் எழுந்தது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலர் இத்தகைய மின்னணு ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை செபராங் பிறையிலிருந்து தீவுக்குப் போகிறவர்களுக்கு பெர்ரிதான் வழி. பூதக்கண்ணாடிக் கருவியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை அது. கண்ணுக்கு எவ்வளவு சிரமம் என்பதை அந்த வேலை பார்த்த தாய்மார்கள் அறிவார்கள்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விசைப்பலகை, டெலிபோன் ஒயரைப்போல் சுருண்ட கம்பியால் கணினியோடு இணைந்திருந்தது. பலகைக்குள்ளே இண்டெல் நிறுவனத்தின் 8048 என்ற சிறு சில்லு இருந்தது. நாம் ஒரு விசையை அழுத்தினால், அந்தச் சில்லு எழுத்தை அனுப்புவதில்லை. ஓர் எண்ணை அனுப்புகிறது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்பது கணினிக்குள் இருக்கும் மென்பொருளின் பொறுப்பு. நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருளால் அதே ஆங்கிலப் பலகையில் தமிழ் அடிக்க முடிந்ததன் காரணம் இதுவே. கம்பிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.

அந்த முதல் பிளக் வட்டமானது. ஐந்து ஊசிகள் கொண்டது. அது கணினிக்கென்று புதிதாகச் செய்யப்பட்டதன்று. டின் என்னும் ஜெர்மானியத் தர அளவின்படி, ஐரோப்பிய வானொலிப் பெட்டிகளிலும் டேப் ரிக்கார்டர்களிலும் முன்பே புழங்கியது. வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது ஒரு பழைய சொந்தக்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஏ.டி. என்ற அடுத்த கணினியை வெளியிட்டது. இங்கேதான் முதல் குழப்பம் பிறந்தது. பிளக் அதே பிளக். ஆனால் பேச்சு முறை மாறிவிட்டது. முன்பு பலகை மட்டும் பேசும், கணினி கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது கணினியும் பலகையிடம் பேசத் தொடங்கியது. பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தியதும் பலகையில் ஒரு விளக்கு எரிகிறதே, அது கணினி சொல்லி எரிவதாகும். ஆகவே பழைய பலகை புதிய கணினியில் அழகாகப் பொருந்தும். வேலை மட்டும் செய்யாது.

1987-இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. பி.எஸ். 2 என்ற கணினி வரிசையோடு, ஆறு ஊசிகள் கொண்ட சின்ன வட்டப் பிளக் வந்தது. வடிவம் மாறியது, பேச்சு மாறவில்லை. ஆறு ஊசிகளில் வேலை செய்தவை நான்கே: ஒன்று 5 வோல்ட் மின்சாரத்துக்கு, ஒன்று அதன் மறுமுனைக்கு, ஒன்று செய்திக்கு, ஒன்று தாளத்துக்கு. கும்மி அடிப்பவர்கள் ஒரே தாளத்தில் கை தட்டுவதுபோல, அந்தத் தாளத்துக்கு ஒன்றாகச் செய்தி போகும். இரண்டு பிளக்குகளுக்கும் பேச்சு ஒன்றே என்பதால், கம்பியை நேருக்கு நேர் இணைக்கும் ஒரு மலிவான துண்டு போதும். 1984-ஆம் ஆண்டுப் பலகை 1987-ஆம் ஆண்டுக் கணினியில் வேலை செய்யும்.

அந்தச் சின்னப் பிளக்கிலும் தொல்லை இல்லாமல் இல்லை. விசைப்பலகைக்கும் மௌஸுக்கும் ஒரே உருவப் பிளக். மாற்றிச் செருகினால் இரண்டுமே வேலை செய்யா. 1990-களின் பிற்பகுதியில்தான் பலகைக்கு ஊதா, மௌஸுக்குப் பச்சை என்று நிறம் குறித்தார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடுங்கிச் செருகவும் கூடாது. உள்ளேயிருக்கும் பியூஸ் போய்விடக்கூடும்.

இதற்கிடையில் அச்சு இயந்திரத்துக்கு ஒரு பிளக், மோடத்துக்கு ஒரு பிளக் என்று கணினியின் முதுகு முழுவதும் துவாரமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் வேண்டும் என்று இண்டெல், ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி முனைந்தன. இதில் முன்னின்றவர் இண்டெல் பொறியாளர் அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் படித்தவர். 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. பிறந்தது. 1998-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐமேக் கணினியில் பழைய துவாரங்களை அடியோடு நீக்கிவிட்டு இதையே வைத்தது. அதன் பிறகுதான் இது ஊரெங்கும் பரவியது.

யு.எஸ்.பி.யிலும் நான்கு கம்பிகள், அதே 5 வோல்ட். ஆனால் பேச்சு முற்றிலும் வேறு. பழைய முறையில் விசையை அழுத்தியவுடன், வாசலில் வந்து கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர்போல, பலகை தானே கணினியைக் கூப்பிடும். புதிய முறை தோட்டத்துப் பெரட்டைப் போன்றது. கிராணி பெயர் கூப்பிட்டால்தான் ஆள் பதில் சொல்லலாம். "ஏதாவது உண்டா?" என்று கணினி ஒரு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் கேட்கும், கேட்டபோதுதான் பலகை வாய் திறக்கும். ஒரே கூரையின்கீழ் பல கருவிகள் சண்டையின்றி இருக்க இந்த ஒழுங்கு தேவைப்பட்டது. ஓடும்போதே செருகவும் முடியும். பிளக்கின் உள்ளே மின்சாரத்துக்கான தகடுகளைச் சற்று நீளமாக வைத்து, மின்சாரம் முதலில் சேரும்படி செய்திருக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் பெரிதாகப் பேசுவார்கள். பழைய கம்பியில் வினாடிக்குப் பத்தாயிரத்திலிருந்து பதினாறாயிரம் துளிச் செய்திகள் போகும், யு.எஸ்.பி.யின் மிக மெதுவான வகையிலேயே பதினைந்து லட்சம். ஒரு விசைக்குப் பழைய முறையில் பதினொரு துளிகள் போதும். எவ்வளவு கைதேர்ந்த தட்டச்சாளரும் வினாடிக்குப் பத்துப் பதினைந்து விசைகளுக்குமேல் தட்டுவது அரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள், விசைப்பலகைக்கு அந்த வேகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இனிக் கைக்காசு விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துத் தகப்பனார் மகளுக்காகப் பழைய கணினி ஒன்று வாங்கினார். அதில் யு.எஸ்.பி. துவாரங்கள் மட்டுமே இருந்தன. வீட்டில் இருந்ததோ வட்டப் பிளக் பலகை. ஒரு கடையில் சின்ன ஊதாத் துண்டு ஒன்றை விற்று, "இதை மாட்டுங்கள், போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பலகை அசையவில்லை. அது செத்துவிட்டது என்று பழைய இரும்புக்காரரிடம் போடவிருந்தார்கள். பலகையில் குறை எதுவும் இல்லை. அந்தத் துண்டு கம்பியை மட்டும் இணைக்குமே தவிரப் பேச்சை மொழிபெயர்க்காது. இரண்டு பேச்சும் தெரிந்த சில பலகைகளுக்கென்று செய்யப்பட்ட துண்டு அது. உள்ளே சில்லு வைத்த மாற்றுக் கருவி என்று வேறொன்று உண்டு, அதுதான் மொழிபெயர்ப்பாளர். அதை மாட்டிய அன்றே அந்தப் பெண் தன் கட்டுரையை அடித்து முடித்தாள். வாங்கும்போது, "உள்ளே சில்லு இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2014-இல் எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் யு.எஸ்.பி. சி வந்தது. முந்தியதைத் தலைகீழாகச் செருகிச் சலித்துப்போனவர்களுக்கு அது ஆறுதல்தான். ஆனாலும் வட்டப் பிளக் ஒழிந்துவிடவில்லை. யு.எஸ்.பி. வழியாக ரகசியங்கள் திருட்டுப் போகாதிருக்க அந்தத் துவாரங்களைப் பூட்டிவைக்கும் அலுவலகங்களில் அது உதவுகிறது. இன்றும் சில புதிய கணினிகளின் முதுகில், பாதி ஊதாவும் பாதி பச்சையுமாக ஒரே ஒரு வட்டத் துவாரம் இருக்கும். விசைப்பலகையோ மௌஸோ, ஏதேனும் ஒன்றை அதில் செருகலாம். கணினியை நிறுத்திவிட்டுச் செருகுங்கள்.