லிவர்பூல் இளைஞரின் இசைப் பின்னணி – ஒரு சமூக வரலாற்று நோக்கு

கலைஞரின் தோற்றத்தைப் பற்றிப் பேசுமிடத்து ‘பிறவி மேதை’ என்னும் தொடர் நம்மிடையே எளிதாக வந்து விழுகின்றது. அத்தொடர் கலைஞரைப் புகழ்வது போலத் தோன்றினும், அவரை உருவாக்கிய வீட்டையும் தெருவையும் துறைமுகத்தையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது. 1960களில் உலகெங்கும் ஒலித்த பீற்றில்ஸ் இசைக்குழுவினரைப் பற்றி எழுதப்பெற்றவற்றுட் பல இத்தகையனவே. 1962 வரையும் அக்குழு, பெரும்பாலும் பிறருடைய பாடல்களை மேடையில் மீளப் பாடிப் பிழைத்த உள்ளூர் றொக் குழுக்களுள் ஒன்று. வடமேற்கு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அதனையொத்த குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அக்குழுவினர் எங்கே, யாரிடம், எவ்வாறு இசை கற்றனர் என்பதை அந்நகரின் வரலாற்றோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிவர்பூல் துறைமுகத்தால் வாழ்ந்த நகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற பிரித்தானியக் கப்பல்களுட் பெரும்பாலானவை அங்கிருந்தே புறப்பட்டன. 1807இல் அவ்வணிகம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டபின், அவ்வடிமைகளின் உழைப்பில் விளைந்த அமெரிக்கப் பருத்தி அத்துறைமுகத்தின் முதன்மையான இறக்குமதிப் பொருளாயிற்று. லங்காஷயரின் ஆலைகள் அப்பருத்தியை நூற்று நெய்தன. நூறாண்டு கழித்து, அதே பருத்தித் தோட்டங்களில் வாடியவர்களின் வழித்தோன்றல்கள் பாடிய புளூஸ் இசையும், அதன்வழிப் பிறந்த றொக் அன்ட் றோலும் அதே நகரின் இளைஞரைச் சென்றடைந்தன. பொருளுறவும் இசையுறவும் ஒரே கடற்பாதையில் நிகழ்ந்தன எனின் அது மிகையாகாது.

இவ்வுறவின் கண்கூடான சான்று போல் மக்கார்ட்னியின் வீடு. அவருடைய தந்தை ஜிம் மக்கார்ட்னி பதினான்கு வயதிலேயே பருத்தித் தரகு நிறுவனமொன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் விற்பனையாளராக உயர்ந்தவர். பகலிற் பருத்தி விற்ற அவர், 1920களில் மாலை வேளைகளில் ‘ஜிம் மக் ஜாஸ் குழு’ என்னும் நடன இசைக்குழுவை நடத்தினார். ட்ரம்பெற்றும் பியானோவும் வாசித்த அவர் அவற்றைக் காதாற் கேட்டே பழகியவர். ஜாஸ் இசையும் கறுப்பின அமெரிக்கர் படைத்ததே. ஆகவே தந்தையின் தொழிலும் பொழுதுபோக்கும் அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒரே மக்களிடத்தே போய்ச் சேர்கின்றன. அவர் அதனை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என நாம் எதிர்பார்த்தல் நியாயமன்று. வரலாறு மனிதரின் நினைப்பைக் கேட்டுக்கொண்டு இயங்குவதில்லை.

அவ்வீட்டின் முன்னறையில் நின்ற பியானோ, எப்ஸ்ரைன் குடும்பத்தாரின் கடையில் வாங்கப்பட்டது. அக்குடும்பத்தைச் சேர்ந்த பிறயன் எப்ஸ்ரைனே 1962இல் இக்குழுவின் முகாமையாளரானவர். தந்தை மகனுக்கு முதலிற் கொடுத்தது ஒரு ட்ரம்பெற். அதனை வாயில் வைத்துக்கொண்டு பாட இயலாது என்பதனால் மகன் அதைக் கடையிற் கொடுத்துக் கிற்றார் ஒன்றை மாற்றிக்கொண்டார். இடக்கைப் பழக்கமுடைய அவர் நரம்புகளின் வரிசையையே தலைகீழாக மாற்றிக் கட்டிப் பழகினார். 1953இல் லிவர்பூற் பேராலயத்தின் பாடகர் குழுவுக்கான தேர்விலே அவர் தெரிவுசெய்யப்படாமற் போனதும் ஈண்டு நினைக்கத்தக்கது. முறையான இசைப்பயிற்சியின் வாயில் அவருக்கு ஒருமுறை மூடியது. வீட்டுப் பியானோவின் மூடி திறந்தே இருந்தது.

ஜோன் லெனனின் நிலை வேறு. அவருடைய தந்தை கப்பற் பணியாளர். ஆண்டின் பெரும்பகுதி கடலிற் கழித்தவர். பிள்ளை தாயின் தமக்கையிடம் வளர்ந்தது. ஆயினும் இசையைத் தந்தவர் தாய் ஜூலியாவே. பன்ஜோ வாசிக்கத் தெரிந்த அவர், அதன் சுரக்கோவைகளை மகனுக்குக் கற்பித்தார். மகன் அவற்றைக் கிற்றாரிற் பிடித்தமையால், ஆறு நரம்புகளுள் நான்கையே பயன்படுத்தி வாசித்துவந்தார். பன்ஜோவின் மூலமும் ஆபிரிக்கா என்பதை இசை வரலாற்றாளர் அறிவர். 1957 யூலை 6ஆம் நாள் வூல்ற்றன் தேவாலய விழாவில் மக்கார்ட்னி முதன்முதலாக லெனனைச் சந்தித்தபோது, லெனன் இப்பன்ஜோப் பிடிகளோடுதான் மேடையில் நின்றார். மறு ஆண்டு யூலையில் ஜூலியா வீதி விபத்தில் இறந்தார். மக்கார்ட்னியின் தாயும் 1956இல் புற்றுநோயால் இறந்திருந்தார். அவ்விரு இளைஞரின் நட்பு இறுகியமைக்கு இசை மாத்திரம் காரணமன்று.

அவ்விழாவில் வாசித்த ‘குவறிமென்’ குழு ஸ்கிஃபில் என்னும் எளிய இசையைப் பின்பற்றியது. லொனி டொனகன் பாடிய ஒரு பாடல் 1956இன் தொடக்கத்தில் பிரித்தானியாவிற் பெருவெற்றி பெற்றதைத் தொடர்ந்து நாடெங்கும் ஸ்கிஃபிற் குழுக்கள் முளைத்தன. அப்பாடல் 1934இல் ஆர்கன்சோச் சிறைச்சாலைகளிற் கறுப்பினக் கைதிகள் பாடக் கேட்டுப் பதிவுசெய்யப்பட்டது. மலிவான கிற்றார் ஒன்று, துணி துவைக்கும் பலகை ஒன்று, தேயிலைப் பெட்டியிற் கோலும் கயிறும் பொருத்திச் செய்த தாழ்சுரக் கருவி ஒன்று என்பனவே இக்குழுக்களுக்குப் போதுமாயிருந்தன. கருவி வாங்கும் வசதியற்ற இளைஞருக்கு இசை மேடை திறந்தது இதனாலேயே. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தேயிலை நிரப்பி அனுப்பப்பட்ட பலகைப் பெட்டிகள் ஆங்கிலேய இளைஞரின் இசைக்கருவியாக மாறியமை நாம் சற்றே நின்று நோக்கவேண்டிய செய்தியாகும். அத்தேயிலையின் கொழுந்தைக் கிள்ளிய நமது மலையகத்துப் பெண்களின் பெயர் இந்த இசைவரலாறு எதனிலும் இல்லை.

ஏனையோரைச் சுருக்கமாக நோக்கலாம். ஜோர்ஜ் ஹரிசனின் தந்தை கப்பற் பணியாளராக இருந்து பின்னர் பேருந்து நடத்துநரானவர். கடலோடிய காலத்தில் அமெரிக்காவிலிருந்து கிராமபோனும் இசைத்தட்டுகளும் கொண்டுவந்தவர். மகனின் முதற் கிற்றாருக்குத் தாய் கொடுத்தது 3 பவுண் 10 சிலிங். றிங்கோ ஸ்டார் எனப் பெயர்பெற்ற றிச்சட் ஸ்டார்க்கி, நகரின் வறிய பகுதியான டிங்கிலில் பிறந்து, நோயினாற் பாடசாலைக் கல்வியை இழந்தவர். பதின்மூன்று வயதில் வைத்தியசாலையில் நீண்டகாலம் கிடந்தபோது, நோயாளிப் பிள்ளைகளுக்காக அங்கு நடத்தப்பட்ட வாத்தியக் குழுவிலேதான் தாளத்தில் அவருக்கு நாட்டம் பிறந்தது. 1957 நத்தாருக்கு மாற்றாந்தந்தை பழைய முரசுத் தொகுதியொன்றை வாங்கிக் கொடுத்தார். இடக்கையரான அவர் வலக்கையருக்கென அமைந்த முரசுகளை வாசித்தமையால் அவருடைய அடிகளுக்குத் தனிப்போக்கு ஒன்று வாய்த்தது.

அவருக்கு முன்னர், 1960 ஓகஸ்ட் முதல் 1962 ஓகஸ்ட் வரை முரசு வாசித்தவர் பீற் பெஸ்ட். அவர் 1941இற் சென்னையிற் பிறந்து, 1945இற் குடும்பத்தோடு கப்பலேறி லிவர்பூல் வந்தவர். டில்லியிற் பிறந்த அவருடைய தாய் மோனா பெஸ்ட், தம் வீட்டின் நிலவறையில் 1959இற் ‘கஸ்பா’ என்னும் இளைஞர் மன்றத்தைத் தொடங்கினார். குவறிமென் அங்கே சுவர்களுக்கு வர்ணம் பூசினர். தொடக்க நாளில் வாசித்தனர். முகாமையாளர்களையும் ஒலிப்பதிவாளர்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர் இப்பெண்மணிக்கு ஒதுக்கிய இடம் போதாது என்பதே என் கருத்து.

இவர்களுள் எவரும் இசைக்குறிப்பை வாசிக்கத் தெரிந்தவரல்லர். நம் மரபில் ‘கேள்வி ஞானம்’ எனப்படுவதே இவர்களின் கல்வி. ஆனால் நம் மரபிற் கேள்விக்கு ஒரு குரு முன்னே இருப்பார். இவர்களுக்குக் குருவாக இருந்தது இசைத்தட்டு. தட்டை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, சொற்களை எழுதி, சுரக்கோவையைத் தேடிப் பிடிப்பதே பாடம். இத்தட்டுகள் யாவும் கப்பற் பணியாளர்கள் நியூயோர்க்கிலிருந்து கொண்டுவந்தவை என ஒரு கதை வழங்குகின்றது. கவர்ச்சியான கதைதான், எனினும் இவர்கள் பாடிய பாடல்களுட் பெரும்பாலானவை பிரித்தானியாவிலேயே வெளியிடப்பட்டு, லிவர்பூற் கடைகளிற் கிடைத்தவை. கடையில் நின்றபடியே தட்டின் மறுபக்கத்தையும் கேட்டறியும் பொறுமையே இவர்களை ஏனைய குழுவினரிடமிருந்து வேறுபடுத்தியது.

அப்பொறுமைக்குத் தேவையை உண்டாக்கியது ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகம். 1960 ஓகஸ்டில் அங்கு சென்ற ஐவரும் சாதாரண நாட்களில் நாலரை மணித்தியாலமும் வார இறுதியில் ஆறு மணித்தியாலமும் மேடையில் நிற்கவேண்டியிருந்தது. கைவசமிருந்த பாடல்கள் போதாமையால், றொக் பாடல்களோடு பழைய நடனப் பாடல், நாடகப் பாடல், இலத்தீன் அமெரிக்கப் பாடல் எனக் காதில் விழுந்த அனைத்தும் மேடையேறின. ஜிம் மக்கார்ட்னியின் முன்னறைப் பியானோ ஹம்பேர்க்கில் மகனுக்குக் கைகொடுத்தது. 1962 ஜனவரி 1ஆம் நாள் டெக்கா நிறுவனத்தில் குரற்றேர்வுக்காக இவர்கள் பாடிய 15 பாடல்களில் மூன்று மட்டுமே சொந்தப் படைப்புகள். 1963 மார்ச்சில் வெளிவந்த முதல் நெடுந்தட்டின் 14 பாடல்களில் ஆறு பிறருடையவை. அவற்றுள் ஐந்தேனும் கறுப்பின அமெரிக்கர் முன்னர் பாடிப் பதிவுசெய்தவை. மீளப் பாடுதல் படைப்பாற்றலின் எதிர்நிலை என்னும் கருத்து இங்கே தளர்ந்துவிடுகின்றது. பிறர் பாடலின் கட்டுமானத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைகளே பின்னர் சொந்தப் பாடலைக் கட்டின.

ஆயின் தட்டிற் கேட்ட கறுப்பினக் குரல்களைக் கொண்டாடிய நகரம், தன் தெருக்களில் வாழ்ந்த கறுப்பினத்தவரை எவ்வாறு நடத்தியது? இங்கிலாந்தின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளுள் ஒன்று ‘லிவர்பூல் 8’ எனப்படும் ரொக்ஸ்ரெத் பகுதி. 1919இல் சார்ள்ஸ் வூற்றன் என்னும் கறுப்பினக் கப்பற்றொழிலாளி வெள்ளையர் கும்பலால் துரத்தப்பட்டு, துறைமுக நீரில் உயிரிழந்தார். பீற்றில்ஸ் குழுவினரை முதன்முறை ஹம்பேர்க்குக்கு அழைத்துச் சென்ற சிற்றூர்தியில் உடன்சென்றவர்களுள் ஹரோல்ட் பிலிப்ஸ் ஒருவர். ‘லோர்ட் வூட்பைன்’ என்ற பெயரிற் கலிப்சோ பாடிய அவர் 1948இல் ‘விண்ட்றஷ்’ கப்பலில் வந்த திரினிடாட் நாட்டவர். அவரும் அலன் வில்லியம்ஸும் நடத்திய விடுதியில் இவ்விளைஞர் வாசித்துள்ளனர். கரிபிய இசை இவர்களுக்குத் தொலைதூரத் தட்டில் மட்டும் இருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்தது.

ரொக்ஸ்ரெத்தைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் ஐவர் ‘த சான்ற்ஸ்’ என்னும் குரலிசைக் குழுவாக 1962இற் கவேர்ன் மன்ற மேடையில் ஏறியபோது, அவர்களுக்குப் பின்னணி வாசித்தோர் பீற்றில்ஸ். இரு குழுவினரும் ஒரே அமெரிக்கப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒரே நகரில் ஒரே காலத்தில் ஒரே முறையிற் கற்றவர்கள். ஓராண்டுக்குள் ஒரு குழு உலகறிந்ததாயிற்று. மற்றைய குழுவினரின் தட்டுகள் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஏறவேயில்லை. சான்ற்ஸ் குழுவின் எடி அமூ பின்னர் தம் இளவல் கிறிஸ் அமூ பாடிய ‘த றியல் திங்’ குழுவில் இணைந்தார். 1976இல் அக்குழுவின் பாடல் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. கவேர்ன் மேடையில் அவ்வைவர் பாடிய நாளிலிருந்து அதற்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றிருந்தன.